கனமான மாத்திரை

ஆபீஸில் எனக்குத் தராசு என்று பெயர். பார்சல் கவுண்டரில் பதினான்கு வருஷமாக எடை போடுகிறேன். ஒரு பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே இவ்வளவு கிராம் என்று சொல்லிவிடுவேன். மெஷினும் பெரும்பாலும் என் பேச்சைத் தட்டாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. அது இல்லாமல் இருந்திருந்தால் என் தங்கை நடுரோட்டில் விழுந்திருக்க மாட்டாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூட வராந்தாவில் முதல் தடவை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து அம்மா வைத்ததுதான் சட்டம். சைக்கிள் கூடாது, மொட்டை மாடி கூடாது, தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கக் கூடாது. பிறகு சரியான மாத்திரை அமைந்து, ஆறு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரையை அவளே வாங்கி அவளே வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். ‘இனி எல்லாரையும் போல இரும்மா’ என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டில்தான் யாரும் அவளை எல்லாரையும் போல இருக்க விடவில்லை. நானும் அந்த யாரும் என்பதில் சேர்த்திதான்.

பல் செட் கட்டும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் செதுக்குவாள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளமெல்லாம் அவள் விரலுக்கு மனப்பாடம். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே, ‘பொண்ணு நல்லா இருக்காங்க, கீழ் வரிசையில ரெண்டு பல்லு அடைச்சிருக்காங்க’ என்று என் காதில் சொன்னவள். அந்த இடம் அமையவில்லை, பல்லுக்காக இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய நகரத்தில் ஒரு பெரிய லேப் அவளைக் கூப்பிட்டிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து ஒரு பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே வேலை, அங்கேயே ஹாஸ்டல். பாப்பா அதோடு நிற்கவில்லை. ரயிலில் போகாமல், முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எட்டு நாள் மலைக் கிராமங்கள் வழியாக நடந்தே நகரத்தில் இறங்குவேன் என்றாள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள். நான் துணைக்குப் போக வேண்டும். மாத்திரை என் கையில்தான் இருக்க வேண்டும், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தனை நாளும் வலிப்பு வராமல் போய்ச் சேர்ந்தால் அவள் தனியாக இருக்கலாம். வந்தால் மறுவண்டியில் வீடு, அதற்குப் பிறகு வெளியூர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பாப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாத்திரையை என்னிடம் கொடுப்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

முதுகுப்பை விஷயத்தில் நான் ஒரே பிடியாக நின்றேன். ஆளுக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது. பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். சோப்பைக் கால் துண்டாக வெட்டினேன். சட்டைக் காலரில் இருந்த, கம்பெனிப் பெயர் போட்ட துணித்துண்டைக்கூடக் கத்தரித்தேன். ‘நகத்தையும் வெட்டிட்டு வரட்டுமா, அதுலயும் ரெண்டு கிராம் இருக்கும்’ என்று பாப்பா கிண்டல் செய்தாள். அவளுடைய மெழுகுக் கட்டிகளும் கத்திகளும் மட்டும் அறுநூற்று நாற்பது கிராம். அதில் கை வைக்க விடவில்லை. சரி, வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

குறைத்தது மாத்திரையில். தெருமுனை மருந்துக்கடைக்காரர் இரண்டு விதம் கொடுத்திருந்தார். வலிப்பு மாத்திரை காலையும் இரவும், சத்து மாத்திரை காலையில் மட்டும். இரண்டிலும் மும்மூன்று அட்டை. வலிப்பு மாத்திரை இந்தத் தடவை வேறு கம்பெனி, மருந்து அதேதான், பார்க்கத்தான் வேறு மாதிரி இருக்கும், பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி என்று படித்துப் படித்துச் சொன்னார். அட்டை மேல் பேனாவால் வேளையும் எழுதிக் கொடுத்தார். வேறு கம்பெனி என்பதை மட்டும் பாப்பாவிடம் சொன்னேன். ஆறு அட்டையின் தகரத்தாளும் பிளாஸ்டிக்கும் எனக்கு வீண் சுமையாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, அறுபது மாத்திரையையும் பிதுக்கி இரண்டு கிண்ணத்தில் போட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். வாசலில் குப்பை வண்டி மணி அடித்தது. காலி அட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால், அம்மா மேஜையைத் துடைப்பதற்காகக் கிண்ணங்களைத் தள்ளி வைத்திருந்தாள். எந்தக் கிண்ணத்தில் எது?

ஒரு நிமிஷம் முழித்தேன். ஓடிப்போய் குப்பை வண்டியை நிறுத்தியிருக்கலாம். மருந்துக்கடை நாலு வீடு தள்ளித்தான், போய்க் கேட்டிருக்கலாம். தராசு போய் ஒருத்தரிடம் கேட்பதாவது? வீட்டில் இருந்த சின்ன எடை மெஷினில் இரண்டு கிண்ணத்து மாத்திரையையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஆறு கிராம், மற்றது பத்து. பெரிய வியாதிக்கு உள்ள மருந்துதானே கனமாக இருக்கும்? பத்து கிராமை ‘வலிப்பு’ என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் போட்டேன், ஆறு கிராமை ‘சத்து’ டப்பாவில். அது தலைகீழ் என்று ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒன்பது நாளும் அவளுக்குக் காலை வேளை மட்டும், பாதி மருந்துதான் போயிருக்கிறது.

மலையில் நான் பார்த்த பாப்பா எனக்குப் புதுசு. கல் படிகளில் நான் நாக்குத் தள்ளி ஏறிக்கொண்டிருப்பேன், அவள் மேலே போய் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பாள். தகரக் கூரை வீடுகளில் தங்கினோம். சுவரெல்லாம் புகை படிந்த அறை, இரண்டு கட்டில், நனைந்த மூட்டை கனத்தில் போர்வை. ஏழு கிலோவில் போர்வை என்று ஒன்றைச் சேர்க்காததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாவது கிராமத்தில் வீட்டுக்கார அம்மாள் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பா டார்ச் அடித்து வாயைப் பார்த்து, எந்தப் பல் சொத்தை, எதைப் பிடுங்கக் கூடாது என்று விளக்கினாள். அந்த சேதி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. நாலாவது கிராமத்தில் நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றார்கள்.

தினமும் காலையில் நான் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையோடு நிற்பேன். அவள் முழுங்கிய பிறகு ‘நாக்கைக் காட்டு’ என்பேன். அம்மாவின் உத்தரவு. முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே காட்டினாள். அப்புறம் சிரிக்காமல் காட்டினாள்.

ஐந்தாவது கிராமத்தில் அவள் கேட்டாள். “அண்ணா, காலையில குடுக்கிறதுல ஒண்ணுல நடுவுல கோடு இருக்கு. நைட் குடுக்கிறதுல அது இல்லையே. கோடு இருக்கிறதுதான் வலிப்பு மாத்திரையோ? அதுதானே ரெண்டு வேளையும் வரணும்?”

சத்து மாத்திரையில்தான் கோடு இருக்கும் என்றேன். எப்படித் தெரியும் என்றாள். நான்தானே பிரித்துக் கட்டினேன், எனக்குத் தெரியாதா, காலையில் ரெண்டு, ராத்திரி ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். பதினைந்து வருஷமாக நாங்கள் எல்லோரும் அவளிடம் பேசும் குரல்தான் அது, அவளுக்குப் பழக்கம்.

ஏழாம் நாள் காலை, டீ டம்ளர் அவள் கையிலிருந்து துள்ளிப் போய் விழுந்தது. தவறி விழவில்லை. கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. இருவரும் அதைப் பார்த்தோம். ‘குளிரு’ என்றாள் அவள். ‘ஆமா, பயங்கரக் குளிரு’ என்றேன் நானும். அம்மாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. மலையிறங்கும்போது அவள் முன்னால் போகவில்லை, எனக்குப் பின்னால் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். எட்டு நாள் காற்றுச் சத்தம் மட்டும் கேட்ட காதில் அத்தனை ஹாரனும் ஒன்றாக விழுந்தது. தலைக்கு மேல் கற்றை கற்றையாக ஒயர்கள். நடைபாதையில் குடைக்கடை, செல்போன் உறைக்கடை, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகிற அளவுக்கு இடம். லாட்ஜ் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். சிக்னல் மாறியதும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினோம். பாதி ரோட்டில் என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். பாப்பா. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அடுத்த நொடி கட்டை மாதிரி முகம் குப்புற விழுந்தாள்.

அவளைப் புரட்டிச் சாய்த்துப் படுக்க வைத்தேன். முதுகுப்பைப் பட்டையை அவிழ்த்தேன். அவள் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. புருவத்திலிருந்து ரத்தம். சிக்னல் விழுந்து மறுபக்க வண்டிகள் உறுமின. வாடகை பைக் ஓட்டுகிறவர் ஒருவர் தன் வண்டியை எங்களுக்கு முன்னால் குறுக்கே சாத்திவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றார். குடைக்கடைக்காரி ஓடிவந்து ஒரு குடையை விரித்து வெயிலை மறைத்தாள். இருவருக்கும் நான் நன்றிகூடச் சொல்லவில்லை. மூன்று நிமிஷம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான மூன்று நிமிஷம் வேறு இல்லை.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மூன்று தையல் போட்டார்கள். நாக்கைக் கடித்திருந்தாள். அவள் அசந்து தூங்கும்போது, சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி என்னை வெளியே கூப்பிட்டு மாத்திரைகளைக் காட்டச் சொன்னாள். நான் பெருமையாக இரண்டு டப்பாவையும் எடுத்து நீட்டினேன். ‘வலிப்பு’ டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மேலே அச்சடித்திருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். அடுத்த டப்பாவிலிருந்தும் ஒன்றை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

டப்பா மாறியிருக்கிறது என்றாள். பாதி மருந்தில் ஒன்பது நாள், அதுவும் மலையேறிக்கொண்டு, யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். அவங்களுக்கு வேற ஒரு கோளாறும் இல்லை, நாளைக்கு ஒரு நாள் ஓய்வு எடுக்கட்டும், பழையபடி ரெண்டு வேளை போட்டால் சரியாகிவிடும், எழுந்ததும் இதை அவங்களிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அந்த வராந்தா பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே போனபோது பாப்பா விழித்திருந்தாள். கடித்த நாக்கோடு குழறிக் குழறிப் பேசினாள்.

“வியாழக்கிழமை போக வேணாம் அண்ணா. அவங்களுக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடு. அம்மா சொன்னது சரிதான். போயிடுச்சு போயிடுச்சுன்னு நான்தான் நினைச்சிட்டிருந்தேன். என் உடம்பை நம்பி நான் தனியா இருக்க முடியாது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். வாய் திறந்ததும் வந்தது பொய்தான்.

“உன் உடம்பு இல்ல பாப்பா. மருந்துக்கடைக்காரர் அட்டையில மாத்தி எழுதிக் குடுத்துட்டாரு. பாதி மருந்துதான் போட்டிருக்க.”

அவள் என்னையே பார்த்தாள். டாக்டர் சொன்னாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம்தான் அழுதாள். அழுகையும் சிரிப்புமாக, தையல் போட்ட புருவத்தைப் பிடித்துக்கொண்டு, ‘அப்ப நான் இல்லையா, நான் இல்லையா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு காரியமும் ஒரே அடியில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு நம்பிக்கை திரும்பியது, எனக்குக் கெட்ட பெயர் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஐந்து நிமிஷம்கூட அந்த நிம்மதி நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பாப்பா போனை எடுத்தாள். பாவம், அவரைத் திட்ட வேண்டாம், ஆனால் சொல்லியாக வேண்டும், அன்றைக்கு வேறு யாருக்காவது இதே மாதிரி மாற்றி எழுதியிருந்தால் என்ன ஆகும் என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். முதலில் தூங்கு என்றேன். போனை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாக்கு வலியால் போனைக் காதில் வைக்காமல் மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

பாப்பா குழறிக் குழறி விஷயத்தைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் பேசியது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் இன்னும் நாலு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதய நோய்க்காரர் ஒருவர், ஒரு கைக்குழந்தை. இப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு நாலு வீட்டுக்கும் போகிறேன் என்றார். அவர் மனைவியிடம் சாவி கேட்பதும், நாற்காலி இழுபடுவதும் எங்களுக்குக் கேட்டது.

“பாப்பா, அந்த அட்டையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. நான் எதை எதுல எழுதியிருக்கேன்னு பார்த்துட்டா, மத்தவங்களுக்கு என்ன ஆயிருக்கும்னு தெரிஞ்சிடும்.”

பாப்பா என் பக்கம் திரும்பினாள். “அட்டை எங்க அண்ணா?”

அட்டை எங்களிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. டப்பாவைத்தான் ஒன்பது நாளாகப் பார்க்கிறாளே. கேட்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கிராமத்தில் கேட்ட கேள்வியும் நான் எரிந்து விழுந்ததும் அவள் முகத்தில் வந்து போனதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்க எங்கயும் போக வேணாம் சார்” என்றேன். “நீங்க சரியாத்தான் எழுதினீங்க. நான்தான் மாத்திரையைப் பிதுக்கிக் கொட்டி, டப்பாவை மாத்திட்டேன். பழியை உங்க மேல போட்டுட்டேன்.”

நாற்காலி மறுபடி இழுபடும் சத்தம். உட்கார்ந்திருப்பார். அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி?” என்று மட்டும் கேட்டார். பாப்பா போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. லாட்ஜ் அறையில் கட்டில் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டு டப்பாவையும் கவிழ்த்து, ஒவ்வொரு மாத்திரையாக எழுத்தைப் படித்துப் பிரித்தாள். தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு மெழுகை எடுத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து கடைவாய்ப் பல் செதுக்கினாள். முதல் மூன்றில் கை நடுங்கி விளிம்பு உடைந்தது. அவள் கையில் கத்தி, நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இழுத்ததை அவள் பார்த்தாள். நாற்காலியைக் காலாலேயே பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தலை வாரிக்கொண்டே பேசினாள். “அம்மாகிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. நான் இங்க இருக்கும்போதே சொல்லு.”

சொன்னேன். போனில் ஒன்றையும் விடவில்லை. கிண்ணம், எடை மெஷின், கோடு, நடுரோடு, டாக்டரம்மா, மருந்துக்கடைக்காரர் மேல் போட்ட பழி. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பாப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அறை ரொம்பச் சின்னது, அம்மாவின் குரல் ரொம்பப் பெரியது.

“சரி விடுப்பா” என்றாள் அம்மா. “நீ வேணும்னா செஞ்ச? அவ்வளவு தூரம் கூடவே அலைஞ்சிருக்க, கை தவறுறது சகஜம்தான். மனசைப் போட்டு வருத்திக்காத. அவளை அங்க தனியா விடுற பேச்சு மட்டும் இனி வேணாம். இன்னிக்கே கூட்டிட்டு வந்துடு.”

“அம்மா, தப்பு பண்ணது நான்.”

“அதான் பரவாயில்லன்னு சொல்றேனே.”

திரும்பிப் பார்த்தேன். பாப்பா முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். இதை அவள் பதினைந்து வருஷமாகக் கேட்டு வருகிறாள். எனக்குத்தான் இன்று முதல் தடவையாகக் காதில் விழுகிறது. மெழுகையும் கத்திகளையும் பையில் போட்டாள், செருப்பை மாட்டினாள், நான் எழுந்ததைப் பார்த்து ‘நீ வர வேணாம்’ என்றாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

அம்மா இன்னும் லைனில்தான் இருந்தாள். வண்டி எத்தனை மணிக்கு, ரெண்டு பேருக்கும் ஜன்னலோர சீட்டு கிடைக்குமா என்று கேட்டாள்.

“எனக்கு மட்டும்தான்மா டிக்கெட் எடுக்கப் போறேன்” என்றேன். “அவ வரமாட்டா. நான் கூட்டிட்டு வரவும் மாட்டேன்.”

பாப்பா அதைக் கேட்கவில்லை. அதற்குள் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.